நட்சத்திரம் சாய்கோட்டைத் தாண்டாது

காலை ஐந்தேகாலுக்குச் சிங்காரவேலு கூப்பிட்டார்.
வேன் வரவில்லை.
செந்தூல் அடுக்குமாடியின் கீழே
லிஃப்டுக்குப் பக்கத்துச் சிமெண்டுப் படியில்
போர்வையும் பிஸ்கட் டப்பாவுமாக
நாலே முக்காலிலிருந்து உட்கார்ந்திருக்கிறாராம்.
கோபமில்லை. ஒரு கேள்விதான்:
“ஏம்மா, என் பேர எடுத்துட்டீங்களா?”

ரத்தம் சுத்திகரிக்கும் நிலையத்தில்
எப்போது பேரை எடுப்பார்கள் என்று
அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நேற்றுவரை பட்டியலைக் கையால் தட்டியவள் ஹுவி ஷான்.
பிரசவ விடுப்பில் போய்விட்டாள்.
அவள் நாற்காலியில் நான் உட்காரவைத்தது
நாலு வரி நிரல்.
ராத்திரி இரண்டு மணிக்குக் கோப்புகளுக்குள் போய்
‘முன்னால் எது இருந்தாலும் சரி,
பின்னால் பிடிஎஃப் என்று முடிவதைக் கொண்டு வா’
என்று கேட்கும்.
அந்த ‘எது இருந்தாலும்’தான் நட்சத்திரக் குறி.

செந்தூல் தடத்துக்கு அது கொண்டு வந்தது
வெற்றுப் பட்டியல்.
பிழையென்றால் சிவப்பாய்க் கத்தியிருக்கும்.
‘பொய்’ என்று திருப்பியிருந்தாலும்
பிடித்து நிறுத்த ஒரு வரி வைத்திருந்தேன்.
இது இரண்டுமில்லை.
வெகு பணிவாக ஒரு காலித் தட்டை நீட்டி
தேடினேன், பூஜ்யம் என்றது.
பூஜ்யம் பேருக்கு வேன் எதற்கு?
அதையும் அதுவே முடிவு செய்துவிட்டது.

உள்ளே போய்ப் பார்த்தேன்.
‘சிங்காரவேலு ஏ’ என்று ஓர் உறை.
அதற்குள் தனியாக ‘எல் பொன்னையா’.

அடையாள அட்டையில் நம் பேருக்கு நடுவே
ஒரு சாய்கோடு உண்டே,
ஏ/எல், ஏ/பி,
இன்னார் மகன், இன்னார் மகள்.
கணினிக்கு அது சுவர்.
பிள்ளையை அறையாக்கி
அப்பனை அதற்குள் வைத்துச் சாத்தியிருக்கிறது.
நட்சத்திரம் எழுத்தைப் பிடிக்கும், எண்ணைப் பிடிக்கும்,
வெற்றிடத்தையும் பிடிக்கும்,
சாய்கோட்டை மட்டும் தாண்டாது.
கையேட்டில் இருக்கிறது. படித்தும் இருக்கிறேன்.

மற்ற தடங்களில்
பின் வந்தது, பிந்தி வந்தது,
லியோங்கும் சியூவும் வரிசையாய் வந்தார்கள்.
என் அட்டையிலும் அந்தக் கோடு இருக்கிறது.
முப்பத்தொரு வருஷமாய் அதோடு இருப்பவள்
சோதனைக்குப் போட்டுப் பார்த்த பேர்கள்:
அலி, ஆ சோங், முத்து.
வெறும் முத்து.
அப்பா பேரைத் தட்டச் சோம்பல்.

இரட்டை நட்சத்திரம் கோட்டைத் தாண்டும்.
இன்னொரு தட்டு, அவ்வளவுதான்.
செந்தூலில் ஏழு பேர்.
திரும்பி வந்தது ஒன்பது.

டிரைவர் ஃபௌசி சாவியைச் சுழற்றிக்கொண்டே
தாளைப் படித்தார்.
சிங்காரவேலு, ஆமாம். குணவதி, ஆமாம்.
எட்டாவது பேரில் சாவி நின்றது.
“சூடா தாக் அடா,” என்றார்.
இனி இல்லை.
இந்தத் தைலம்மாவுக்கு எப்போதும் முன்சீட்தான் வேண்டும்,
ஏப்ரலில் அவர் வீட்டு வாசலில்
செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன் என்றார்.
ஒன்பதாவதற்கு ஒன்றும் சொல்லவில்லை.
சட்டைப்பையில் பேனா தேடினார்.

இறந்தவர் கோப்பைத் தள்ளி வைக்கும் நிரலும்
நான் எழுதியதுதான்.
பிப்ரவரியிலிருந்து ஓடுகிறது,
அதே ஒற்றை நட்சத்திரத்தோடு.
தைலம்மாவைத் தேடியிருக்கிறது,
காலித் தட்டோடு திரும்பியிருக்கிறது,
வேலை முடிந்தது என்று எழுதி வைத்திருக்கிறது.
அங்கே யாரும் படியில் உட்கார்ந்து
போன் செய்யவில்லை.

ஃபௌசி இரண்டு கோடு போட்டார்.
நேர்கோடு, பேருக்கு மேலே, அழுத்தாமல்.

வேன் கிளம்பியதும் சிங்காரவேலுவைக் கூப்பிட்டேன்.
பேர் இருக்குங்க ஐயா, வண்டி வருது.
“இந்நேரத்துக்கு ஜாலான் ஈப்போ
நெரிசலா இருக்குமே,” என்றார்.
பிஸ்கட் டப்பாவை மூடும் சத்தம் கேட்டது.